குடத்திலிட்ட நிலா

(எங்கள் ஊர் நூலக வாசகர் வட்ட ஆண்டு விழாவில் பேசியது)

விழாத் தலைவர் அவர்களே, முன்வரிசையில் அமர்ந்திருக்கும் பேரூராட்சித் தலைவர் அம்மா அவர்களே, சொன்னபடி ஆறு மணிக்கே வந்துவிட்ட வார்டு உறுப்பினர் அவர்களே, புரொஜெக்டரை இரவல் கொடுத்த தலைமையாசிரியர் ஐயா அவர்களே, சால்வை போர்த்திய நூலகர் அவர்களே, அனைவருக்கும் வணக்கம். சால்வைக்குப் பதில் புத்தகம் கொடுங்கள் என்று மூன்று வருடமாகச் சொல்கிறேன். சரி, போகட்டும்.

'குடத்திலிட்ட விளக்கு, குன்றிலிட்ட விளக்கு' என்பார்கள். எந்த மேடை ஏறினாலும் இதை நான் சொல்லாமல் இறங்கியதில்லை. இன்று பேசப்போகிற உக்ரைன் ஓவியர் ஆர்க்கிப் குயின்ஜி இந்த இரண்டு விளக்காகவும் இருந்தவர். அவருடைய வாழ்க்கை, பாணி, மாணவர்கள் என்று மூன்று பகுதியாகப் பேசுகிறேன்.

1840-களின் தொடக்கத்தில் மரியுபோலில், கிரேக்க வம்சாவளிக் குடும்பத்தில் பிறந்தார். அப்பா செருப்புத் தைப்பவர். சின்ன வயதிலேயே தாய் தகப்பன் இல்லை. ஆடு மாடு மேய்த்தார், சர்ச் கட்டுமிடத்தில் செங்கல் கணக்குப் பார்த்தார், தானிய வியாபாரி வீட்டில் எடுபிடியாக இருந்தார். கடல் ஓவியர் ஐவசோவ்ஸ்கியிடம் கற்றுக்கொள்ளப் போனால், அங்கே வேலிக்குப் பெயின்ட் அடிக்கும் வேலைதான் கிடைத்தது என்று சொல்வார்கள். அப்புறம் போட்டோ ஸ்டூடியோவில் ரீடச்சிங், அதாவது போட்டோக்களைத் திருத்திச் சரிசெய்யும் வேலை.

இனி 1880-க்கு வாருங்கள். செயின்ட் பீட்டர்ஸ்பர்க்கில் ஒரு கண்காட்சி. எத்தனை படம்? ஒரே ஒரு படம்! 'தினேப்பர் நதியில் நிலவிரவு'. ஜன்னல்களுக்கெல்லாம் திரை போட்டு கூடத்தை இருட்டாக்கி, படத்தின் மேல் மட்டும் விளக்கொளி விழும்படி செய்திருந்தார். வெளியே தெருவெல்லாம் குதிரை வண்டி. உள்ளே போனவர்கள் என்ன செய்தார்கள் தெரியுமா? படத்துக்குப் பின்னால் எட்டிப் பார்த்தார்கள், விளக்கு ஏதும் ஒளித்து வைத்திருக்கிறாரா என்று! நிலா வெளிச்சத்துக்கென்று தனிப் பெயின்ட் வைத்திருக்கிறார் என்றும் புரளி. குடத்திலிட்ட விளக்கைத் தேடியிருக்கிறார்கள்!

விளக்குமில்லை, மாயப் பெயின்ட்டுமில்லை. இதோ, திரையைப் பாருங்கள். முக்கால்வாசி வானம். மேகம் விலகிய இடத்தில் நிலா, ரொம்பச் சின்னது. கீழே ஆறு பச்சை பூத்தாற்போல் மினுங்குகிறது. கரையிலிருக்கும் குடிசைகள் கிட்டத்தட்ட இருட்டு. இடப்பக்கம், தம்பி கொஞ்சம் பெரிதாக்குங்கள், ஒரு ஜன்னலில் சிவப்புப் பொட்டு மாதிரி வெளிச்சம். அந்தக் கதகதப்பான சிவப்பு இருப்பதால்தான் நிலவின் பச்சை அப்படிக் குளிர்கிறது. இலை இலையாக, அலை அலையாக அவர் எழுதவில்லை. பெரிய பெரிய இருட்டாகப் பரப்பி, நடுவில் துளி வெளிச்சம் வைத்தார். அவ்வளவுதான் பாணி.

அரச குடும்பத்து இளவரசர் ஒருவர் 5,000 ரூபிளுக்கு வாங்கி, கப்பல் பயணத்துக்கும் எடுத்துப் போனார். வேண்டாம் என்று எழுத்தாளர் துர்கனேவ் எவ்வளவோ சொன்னாராம். உப்புக்காற்று ஒரு பக்கம், நிறத்தில் கலந்திருந்த நிலக்கீல், அதாவது தார், ஒரு பக்கம், படம் கறுத்துவிட்டது.

இரண்டு வருடத்தில் குயின்ஜி கண்காட்சிகளையே நிறுத்திக்கொண்டார். குன்றிலிருந்து இறங்கித் தானாகவே குடத்துக்குள் போய்விட்டார். வீட்டு மொட்டைமாடியில் பறவைகளுக்குத் தீனி போட்டு, அடிபட்டவற்றுக்கு வைத்தியம் பார்த்து வந்தார், 1910-இல் காலமானார். மரியுபோலில் அவர் பெயரில் இருந்த அருங்காட்சியகம் 2022 மார்ச்சில் குண்டு விழுந்து இடிந்தது. அவரை ரஷ்ய ஓவியர் என்று குறித்திருந்த நியூயார்க் மெட்ரோபாலிடன் அருங்காட்சியகம் மறு ஆண்டு உக்ரைன் ஓவியர் என்று மாற்றியது.

அவருடைய மாணவர்களில் ஒருவர், நம் இமாச்சலப் பிரதேசத்துக் குலு பள்ளத்தாக்கில் குடியேறிய ஓவியர் நிக்கோலஸ் ரோரிக். அதை விரிவாகச் சொல்ல ஆசைதான், சீட்டு வந்துவிட்டது. இரண்டு நிமிடம் கொடுங்கள்.

குயின்ஜியின் அந்தச் சிவப்புப் பொட்டு ஜன்னலை நம் ஏரிக்கரையில் வைத்துப் பாருங்கள். தெரியாது! ஏனென்றால் அங்கே புதிதாக உயர்மின் கோபுர விளக்கு நிற்கிறது. குன்றிலிட்ட விளக்கென்றால் இதுதான்! போன பௌர்ணமிக்குப் பேத்தியைக் கூட்டிப்போய் நிலாவைக் காட்டினேன். "எந்த லைட், தாத்தா?" என்றாள்.

தலைவர் அம்மா கோபித்துக்கொள்ளக் கூடாது. கழற்றச் சொல்லவில்லை. பாதுகாப்புக்குப் படித்துறையில் சின்ன விளக்குகள் இருக்கட்டும். மாதத்தில் ஒரு ராத்திரி, பௌர்ணமிக்கு மட்டும், எட்டு முதல் பத்து வரை அந்த ஸ்விட்சை அணைத்தால் போதும். மனு வாசல் மேசையில் இருக்கிறது. பேனாவை நூல் கட்டி வைத்திருக்கிறேன், போன தடவை யாரோ எடுத்துப் போய்விட்டார்கள். வார்டு உறுப்பினர் ஐயா முதல் கையெழுத்துப் போடுவதாகச் சற்றுமுன் தலையாட்டினார், எல்லோரும் பார்த்தீர்கள்.