மலபாரில் கிடைத்த பெயர்

நேயர்களுக்கு வணக்கம். பாலக்காடு மாவட்டத்தின் கிழக்கோரத்தில், தமிழும் மலையாளமும் ஒரே திண்ணையில் புழங்குகிற கொழிஞ்சாம்பாறைப் பக்கத்திலிருந்து வருகிறேன். ஐரிஸ் குடும்பத்துப் பூச்செடி ஒன்றைப் பற்றிப் பேசும்படி அழைப்பு வந்தபோது, குளிர்நாட்டுப் பூக்களைத் தேடிப் போகாமல் எங்கள் வீட்டுக் கிணற்றடியில் நிற்கும் பெலம்கண்டாவையே எடுத்துக்கொண்டேன்.

வாள் போன்ற இதன் இலைகள் ஒன்றின் மடிப்புக்குள் ஒன்று பொருந்தி, விரித்த விசிறியைப் போல நிற்கும். நடுவிலிருந்து இடுப்பளவு உயரத்துக்குத் தண்டு எழுந்து கிளைக்கும். அதில் ஆரஞ்சு நிறத்தில், சிவப்புப் புள்ளிகள் தெறித்த ஆறிதழ்ப் பூக்கள் மலரும். ஒரு பூவுக்கு ஒரு நாளே ஆயுள். ஆனால் அது மற்றப் பூக்களைப் போல உதிர்ந்து கொட்டுவதில்லை. பிழிந்த ஈரத்துணியைப் போல இதழ்களை முறுக்கிக்கொண்டு வாடும். பிறகு காய் முற்றி மூன்றாக வெடிக்க, உள்ளே மிளகைவிடப் பெரிதாக, எண்ணெய் தடவியதுபோல் மின்னும் கறுத்த விதைகள் கொத்தாகத் தெரியும். ஆங்கிலத்தில் இதை பிளாக்பெர்ரி லில்லி என்பது அதனால்தான், இது லில்லியே அல்ல என்றாலும்.

இமயமலைப் பகுதி முதல் சீனா, ஜப்பான் வரை இதன் தாயகம். ஆயினும் பெலம்கண்டா என்ற பெயர் மலபாரில் கிடைத்தது. டச்சு ஆளுநர் வான் ரீட், இட்டி அச்சுதன் போன்ற உள்ளூர் வைத்தியர்களின் துணையோடு தொகுத்து, 1678 முதல் 1693 வரை ஆம்ஸ்டர்டாமில் பன்னிரண்டு தொகுதிகளாக வெளியான 'ஹோர்த்துஸ் மலபாரிக்கஸ்' என்ற மலபார்த் தாவர நூலில் இச்செடி 'பெலம்கண்டா சூலர்மணி' என்று பதிவாகியுள்ளது. அதிலுள்ள 'மணி' இந்தக் கறுத்த விதையைத்தான் குறிக்க வேண்டும் என்பது என் எண்ணம். பிரெஞ்சு அறிஞர் அதான்சோன் 1763-இல் அப்பெயரையே பேரினப் பெயராக்கினார்.

அதற்கு முன்பே, 1753-இல், சுவீடன் தாவரவியலாளர் லின்னேயஸ் இதே செடியை ஓரிடத்தில் ஆர்க்கிட் என்று கருதி 'எபிடெண்ட்ரம் டொமெஸ்டிகம்' என்று எழுதிவைத்திருந்தார். மரபணு ஆய்வுகள் இது ஐரிஸ் பேரினத்துக்குள்ளேயே அடங்கும் என்று காட்டியபின், 2005-இல் இது 'ஐரிஸ் டொமெஸ்டிகா' ஆயிற்று. மலபார்ப் பெயர் விலக, லின்னேயஸ் தவறான இடத்தில் சூட்டிய 'டொமெஸ்டிகம்' என்ற அடைமொழி 'டொமெஸ்டிகா' என்று நிலைபெற்றது. தாவரப் பெயரிடும் விதிப்படி அது சரியே, எனக்குத்தான் மனம் ஒப்பவில்லை.

வளர்ப்பது எளிது, தண்ணீர் தேங்குவதுதான் ஆகாது. எங்கள் கரிசல் மண்ணில் முதலில் நட்டவை ஒரே மழையில் கிழங்கு அழுகிப் போயின. மணலும் தொழுவுரமும் கலந்து மேட்டுப்பாத்தியில் நட்டபிறகே நிலைத்தன. விதையிலிருந்தும் வரும், கிழங்கைப் பிரித்தும் நடலாம். சீன வைத்தியத்தில் இக்கிழங்கு தொண்டை நோய்க்குப் பயன்படுகிறது என்பதற்காக யாரும் வீட்டில் கஷாயம் வைத்துப் பார்க்க வேண்டாம்.

காய் வெடித்ததும் தண்டை வெட்டிவிடாதீர்கள். விதைகள் வாரக்கணக்கில் கொட்டாமல் அதிலேயே ஒட்டியிருக்கும். விதை கேட்டு வருபவர்களுக்கு நான் பொட்டலத்தின்மேல் இன்றும் பெலம்கண்டா என்றே எழுதிக் கொடுக்கிறேன். வணக்கம்.