இந்த மூன்று கட்டைகளில் எது நெக் ஆகப் போகிறது?

வணக்கம் நண்பர்களே. பின்னால் கேட்கும் சத்தத்துக்கு மன்னிக்கவும், பக்கத்து மனையில் போர் போடுகிறார்கள். நிறுத்தியதும் பேசலாம் என்று காலை ஒன்பது மணியிலிருந்து காத்திருக்கிறேன். அவர்களுக்கும் தண்ணீர் வருவதாகத் தெரியவில்லை. அதனால் ஆரம்பித்துவிடுகிறேன்.

மேசையில் மூன்று கட்டைகள். இடது பக்கம் வெளுப்பாக இருப்பது ஹார்ட் மேப்பிள். நடுவில் செம்மண் நிறத்தில் இருப்பது மஹோகனி. வலது ஓரத்தில் ஆணி ஓட்டையோடு கிடப்பது தேக்கு, இடித்த வீட்டின் நிலைக்கால். இதில் ஒன்றுதான் எலெக்ட்ரிக் கிட்டாரின் நெக், அதாவது இடது கையால் பிடித்து வாசிக்கும் நீளக் கழுத்து, ஆகப் போகிறது. கிட்டார் எனக்கு இல்லை, சர்ச்சில் வாசிக்கும் தம்பி ஒருவனுக்கு. ஞாயிற்றுக்கிழமை மூன்று மணி நேரம் ஏசி ஹாலில் நிற்கும். மற்ற ஆறு நாளும் கடற்கரைக்குப் பக்கத்து வீட்டில் சுவரில் தொங்கும். ஒரு நெக்குக்கு இதைவிடக் கொடுமையான பிழைப்பு கிடையாது.

எல்லோரும் முதலில் கேட்பது, "மேப்பிளா, மஹோகனியா, எது நல்ல டோன்?" என்றுதான். அதற்கு முன் ஒன்றைக் காட்டுகிறேன். இது நான் செய்த முதல் நெக். அலை அலையாக மின்னுகிறது பார்த்தீர்களா, ஃப்ளேம் மேப்பிள். ஆன்லைனில் படத்தைப் பார்த்து மயங்கி வாங்கினேன். நன்றாகக் காய்ந்த மரம் என்று போட்டிருந்தது. ஈரப்பதம் பார்க்கும் மீட்டர் வீட்டிலேயே இருந்தும் வைத்துப் பார்க்கவில்லை, என் சோம்பேறித்தனம். பங்குனியில் செய்து முடித்தேன். ஐப்பசி மழை நான்கு நாள் பிடித்ததும் வேலையைக் காட்டிவிட்டது.

இப்படி ஒரு கண்ணை மூடிக்கொண்டு ஹெட்ஸ்டாக், அதாவது கம்பி முறுக்கும் தலைப் பக்கத்திலிருந்து குறி பாருங்கள். தலையை ஒட்டிக் கம்பிகள் உட்காரும் பட்டை, அதாவது நட், ஒரு கோடு. நெக்கின் குறுக்கே வரிசையாகப் பதித்த உலோகக் கம்பிகள்தான் ஃப்ரெட், அதில் கடைசி ஃப்ரெட் ஒரு கோடு. இரண்டும் இணையாக இருக்க வேண்டும். இதில் தடித்த கம்பிப் பக்கம் மேலே ஏறியிருக்கிறது, மெல்லிய கம்பிப் பக்கம் இறங்கியிருக்கிறது. ஈரத் துணியைப் பிழிந்த மாதிரி முறுக்கிக்கொண்டது. நெக்கின் உள்ளே நீளவாக்கில் ட்ரஸ் ராட் என்ற இரும்புக் கம்பி இருக்கிறதே, திருகிச் சரிசெய்யலாமே என்பீர்கள். நெக் வில் மாதிரி முன்னும் பின்னும் வளைந்தால்தான் ராட் உதவும். முறுக்கினால் அதனால் எதுவும் செய்ய முடியாது. இரண்டு மாத வேலை, இப்போது சுவரில் ஆணியில் தொங்குகிறது.

இந்த இடத்தில் ஒரு பழைய கதை. 1950-இல் ஃபெண்டர் கம்பெனி முதலில் விட்ட எஸ்க்வயர் கிட்டார்களில் ட்ரஸ் ராட் இல்லை. மேப்பிள் அவ்வளவு கெட்டியான மரம், ராட் எதற்கு என்பது லியோ ஃபெண்டரின் எண்ணம். நெக் வளைகிறது என்று புகார் வந்தபிறகுதான் ராட் போட்டார்கள். கிப்சன் கம்பெனியோ அதற்கு முன்பே, 1923-இல், ட்ரஸ் ராடுக்குக் காப்புரிமை வாங்கியிருந்தது. பழைய ஃபெண்டர் நெக்கின் பின்புறத்தில் கருப்பாக ஒரு பட்டை ஓடுமே, அழகுக்கு வைத்தது என்றுதான் நானும் ரொம்ப நாள் நினைத்தேன். ராடைப் பின்னாலிருந்து இறக்கிவிட்டு, அந்தப் பள்ளத்தை வால்நட் துண்டால் அடைத்திருக்கிறார்கள்.

ராட் தேவைப்படுவதற்குக் காரணம் இருக்கிறது. பத்தாம் நம்பர் கம்பி செட்டை, 25.5 அங்குல ஸ்கேலில் (கம்பி அதிரும் நீளம்), வழக்கமான சுருதிக்கு ஏற்றினால் ஆறு கம்பியும் சேர்ந்து ஏறக்குறைய 46 கிலோ இழுக்கும். ஒரு சிமெண்ட் மூட்டைக்குக் கொஞ்சம் குறைவு. இரண்டு விரல் தடிமன்கூட இல்லாத கட்டை, ராத்திரி பகலாக அதைத் தாங்கி நிற்க வேண்டும்.

சரி, மேப்பிளை எடுக்கிறேன். ஒரு அங்குலத் தடிமன், நான்கு அங்குல அகலம். முனையைக் காட்டுகிறேன், ஃபோகஸ் ஆகட்டும். வளைய ரேகைகள் படுத்துக் கிடக்கின்றன, தெரிகிறதா? பாயில் படுத்த மாதிரி. இதை ஃபிளாட்சான் என்பார்கள். ரேகைகள் நிமிர்ந்து நின்றால் குவார்ட்டர்சான். மரம் ஈரத்துக்கு எல்லாப் பக்கமும் ஒரே அளவில் உப்பாது. ரேகை ஓடும் திசையில் ஏறும் அளவு, அதன் குறுக்கே ஏறுவதைப்போல் ஏறக்குறைய இரண்டு மடங்கு. அதனால்தான் நிமிர்ந்த ரேகைக்கு விலை அதிகம். அதற்காகப் படுத்த ரேகை கெட்டது என்று அர்த்தமில்லை, ஃபெண்டர் நெக்குகளில் பெரும்பாலானவை அப்படித்தான்.

எனக்கு அதைவிட முக்கியம், நார் நேராக ஓடுகிறதா என்பது. கண்ணால் பார்த்தால் ஏமாந்துவிடுவோம். அதற்கு ஒரு வழி இருக்கிறது. இது ஃபவுண்டன் பேனா மை. இழைத்த பக்கத்தில் ஒரே ஒரு துளி வைக்கிறேன். பாருங்கள், வட்டமாகப் பரவவில்லை. நார் வழியே மெல்லிய கோடாக ஊர்ந்து போகிறது. இப்போது அடிக்கோலை ஓரத்துக்கு இணையாக வைக்கிறேன். ஒரு அடி தூரத்துக்கு கால் அங்குலத்துக்கு மேல் கோடு விலகினால் அந்தக் கட்டையைத் திருப்பிக் கொடுத்துவிடுவேன். இது விலகவே இல்லை. என் ஃப்ளேம் மேப்பிளில் இதையே செய்தபோது மை பாம்பு மாதிரி நெளிந்தது. அந்த நெளிவுதான் அழகு, வம்பும் அதுதான்.

அடுத்து மஹோகனி. இழைப்புளி வைத்தால் வெண்ணெய் மாதிரி சீவும். ஈரத்துக்கு மேப்பிளைவிடக் குறைவாகவே அசையும். எடையும் குறைவு: மேப்பிள் ஒரு கன மீட்டருக்குச் சுமார் 705 கிலோ, ஹோண்டுராஸ் மஹோகனி 590 சொச்சம். கிப்சன் பல பத்தாண்டுகளாக இதைத்தான் வைக்கிறது. ஆனால் அந்த ஹெட்ஸ்டாக்கைப் பின்னால் 17 டிகிரி சாய்த்துவிட்டு, முழு நெக்கையும் ஒரே கட்டையில் அறுத்தால், சாய்ந்த இடத்தில் நார் குறுக்கே வெட்டுப்படும். அதே இடத்தில்தான் ராட் திருகுவதற்கும் குழி தோண்ட வேண்டும். கிட்டார் ஸ்டாண்டிலிருந்து மல்லாக்க விழுந்தால் முதலில் முறிவது அங்கேதான். பழி மஹோகனிக்குப் போகிறது, தப்பு கோணத்தில் இருக்கிறது.

என் கையில் இருப்பது ஹோண்டுராஸிலிருந்து வந்ததும் இல்லை. நம் பக்கத்து விவசாயிகள் இப்போது வரப்போரம் நட்டு வளர்க்கிறார்களே, அந்தத் தோட்டத்து மஹோகனி. இனம் அதேதான், ஆனால் இளமரம். முனையில் மரத்தின் நடுச்சோறு தெரிகிறது பாருங்கள். நடுவை ஒட்டிய மரம் பின்னால் எந்தப் பக்கம் திரும்பும் என்று சொல்லவே முடியாது. கிட்டாரின் உடம்புக்கு வைத்துக்கொள்ளலாம், நெக்குக்கு வேண்டாம்.

தேக்கு எனக்கு ஆசைதான். மரவாடியில் புதுசாக வாங்கினால் என்ன ஈரம் இருக்குமோ தெரியாது. நிலைக்கால் ஐம்பது அறுபது வருஷம் நம் காற்றிலேயே நின்று அடங்கிய மரம். விறைப்பில் மேப்பிளுக்குப் பக்கத்தில் வரும். இரண்டு தொல்லை. உள்ளே இருக்கும் மணல் சத்து உளியை மழுங்க அடித்துவிடும். எண்ணெய்ப் பசை இருப்பதால், அசிட்டோனில் துடைத்த கையோடு ஒட்டாவிட்டால் பசை பிடிக்காது. இந்தத் துண்டில் மூன்றாவது தொல்லையும் உண்டு, ராட் போகும் வழியிலேயே ஆணி ஓட்டை. இல்லையென்றால் இன்றைக்குக் கதை வேறு மாதிரி போயிருக்கும்.

தஞ்சாவூர் வீணைக்குப் பலா மரம் வைக்கிறார்களே, கிட்டாருக்கு ஏன் கூடாது என்று என் மாமா கேட்டார். நல்ல கேள்வி. வீணையின் தண்டி, அதாவது அதன் கழுத்து, நல்ல பருமன். தடிமன் பாதியானால் விறைப்பு எட்டில் ஒன்றாகிவிடும், கிட்டார் நெக் அந்த மாதிரி மெலிந்தது. இன்னொன்று, வீணையின் ஃப்ரெட்டான 24 மெட்டும் மெழுகில் உட்கார்ந்திருக்கின்றன. மரம் கொஞ்சம் நகர்ந்தால் மெழுகை எடுத்துவிட்டுப் புதிதாக மேளம் கட்டிக்கொள்ளலாம், அதாவது மெட்டுகளைத் திரும்பப் பதித்துக்கொள்ளலாம். மரம் அசையும் என்று தெரிந்தே செய்த ஏற்பாடு அது. கிட்டாரில் ஃப்ரெட் மரத்துக்குள்ளேயே அடித்து இறக்கியது, அப்படிச் சரிசெய்ய வழியில்லை.

டோன் பற்றிக் கேட்டீர்களே. நெக்கும் கம்பியோடு சேர்ந்து அதிரும். ஒரு சில ஃப்ரெட்டில் மட்டும் சுரம் சட்டென்று செத்துப்போவது அதனால்தான். அது அந்தந்த நெக்கின் எடையையும் விறைப்பையும் பொறுத்தது. மேப்பிள் என்றால் பளிச், மஹோகனி என்றால் இதம் என்று கடைக்காரர் சொல்வதைக் காதில் போட்டுக்கொள்ளுங்கள், காசை அதற்காகக் கொடுக்காதீர்கள்.

நெக்கின் மேல் ஒட்டி ஃப்ரெட் பதிக்கும் பலகை, அதாவது ஃப்ரெட்போர்டு, ஈட்டி மரம், ரோஸ்வுட். வீட்டில் இருந்த பழைய துண்டு. நம் மாநிலத்தில் இந்த மரத்தைக் காப்பதற்கென்றே 1994-இல் தனிச் சட்டம் போட்டார்கள், பட்டா நிலத்தில் நின்றாலும் அனுமதி இல்லாமல் வெட்டக் கூடாது என்று அப்போது விதி வைத்தார்கள். அதனால் எங்கே கிடைக்கும் என்று என்னிடம் கேட்டால் பில்லோடு வாங்குங்கள் என்றுதான் சொல்வேன்.

ஆக, மேப்பிள். ஆனால் அப்படியே அறுக்கப் போவதில்லை. இந்தப் பலகையை நீளவாக்கில் 28 மில்லிமீட்டர் அகலத்தில் மூன்று சட்டமாகக் கிழித்துவிட்டேன். ஒவ்வொன்றையும் இப்படிப் பக்கவாட்டில் புரட்டுகிறேன். முனையைப் பாருங்கள். படுத்துக் கிடந்த ரேகை எழுந்து நின்றுவிட்டது. நடுச் சட்டத்தை மட்டும் தலைகீழாகத் திருப்பி வைக்கிறேன், ஒன்று முறுக்கப் பார்த்தால் பக்கத்தில் இருப்பது இழுத்துப் பிடிக்கும். ராட் பள்ளம் நடுச் சட்டத்துக்குள்ளேயே போய்விடும், ஒட்டின கோட்டைத் தொடாது.

இன்றைக்கு ஒட்டவில்லை. தராசில் வைக்கிறேன்: 348 கிராம், 351, 346. பென்சிலால் முனையிலேயே தேதியோடு எழுதிவிட்டேன். இடையில் குச்சி வைத்துப் பரணில் அடுக்கப் போகிறேன், நாலு பக்கமும் காற்று படட்டும். ஒவ்வொரு ஞாயிறும் எடை பார்ப்பேன். இரண்டு வாரம் சேர்ந்தாற்போல் ஒரு கிராம்கூட மாறவில்லை என்றால் பசை டப்பாவைத் திறக்கிறேன். தம்பி கிறிஸ்துமஸுக்கு வேண்டும் என்கிறான். மரத்திடம் கேட்டுச் சொல்கிறேன் என்று சொல்லியிருக்கிறேன்.

அட, சத்தம் நின்றுவிட்டது. தண்ணீர் வந்துவிட்டது போலிருக்கிறது. போய் எட்டிப் பார்த்துவிட்டு வருகிறேன்.