கோபுரத்தின் அடியில் ஒரு கிணறு: ஜார்ஜ் எல்லரி ஹேலும் சூரியனின் காந்தமும்

அவையோருக்கு வணக்கம்.

1908 ஜூன் மாதக் கடைசி வாரத்தில், கலிஃபோர்னியாவின் வில்சன் மலை உச்சியில், சூரியன் மேல் கறுப்பாகத் தெரியும் ஒரு புள்ளியின் ஒளியை நிறமாலையாக, அதாவது நிறநிறமாக, விரித்து எடுத்த ஒரு புகைப்படத் தட்டில், ஒற்றையாக இருக்க வேண்டிய கறுப்புக் கோடு இரட்டையாகத் தெரிந்தது. இரண்டுக்கும் நடுவே அரை மில்லிமீட்டர்கூட இல்லை. பூமிக்கு வெளியே காந்தப்புலம் உண்டு என்பதற்கு மனிதகுலத்துக்குக் கிடைத்த முதல் சான்று அதுதான். அந்த இடைவெளியைப் பார்க்க முடிந்ததற்குக் காரணம், அதைப் பார்ப்பதற்கென்றே கருவிகளை ஒன்றின்மேல் ஒன்றாகப் பதினெட்டு ஆண்டுகள் கட்டிக்கொண்டே வந்த ஒருவர். அமெரிக்க வானியலாளர் ஜார்ஜ் எல்லரி ஹேல்தான் அவர். அவருடைய கருவிகளைப் பற்றித்தான் இன்று அதிகம் பேசப்போகிறேன். அவருடைய கருத்துகளில் சில தவறாகிப்போயின, கருவிகள் தவறவில்லை.

ஹேல் 1868இல் சிகாகோவில் பிறந்தவர். தந்தை லிஃப்ட் தயாரித்து வசதியாக வாழ்ந்தவர். 1871இல் தீக்கிரையான சிகாகோ, உயரமான கட்டடங்களாக மீண்டும் எழுந்த காலம் அது. பையன் கேட்ட நிறமாலைக் கருவிகளையெல்லாம் தந்தை வாங்கித் தந்தார். 1889இல், எம்.ஐ.டி.யில் படித்துக்கொண்டிருந்தபோது, சிகாகோ டிராம் வண்டியில் போகையில் ஒரு யோசனை தோன்றியது. அதுதான் ஸ்பெக்ட்ரோஹீலியோகிராஃப்.

அதன் வேலை என்ன? சற்றே திறந்த கதவிடுக்கு வழியாக, தெருவில் போகும் தேரைப் பார்ப்பதாக நினைத்துக்கொள்ளுங்கள். ஒரு நொடியில் ஒரு கீற்றுதான் தெரியும். தேர் நகர நகர அந்தக் கீற்றுகளைப் பக்கத்தில் பக்கத்தில் ஒட்டினால் முழுத் தேரும் கிடைத்துவிடும். தொலைநோக்கி தரும் சூரியப் பிம்பத்தை ஒரு மெல்லிய பிளவின் மேல் விழச் செய்கிறோம். உள்ளே போகும் கீற்று ஒளியைப் பட்டகமோ கீற்றணியோ (நெருக்கமாகக் கோடுகள் கீறிய தட்டு) நிறங்களாக விரிக்கிறது. விரிந்த நிறமாலையில் ஒவ்வொரு தனிமமும் தனக்கென்று சில கோடுகளைப் பதித்திருக்கும். அவற்றில் ஒரே ஒரு கோட்டை மட்டும் விட்டு மற்றதையெல்லாம் இரண்டாவது பிளவு மறைக்கிறது. கால்சியத்தின் கே கோடு வேண்டுமென்றால் 3933.7 ஆங்ஸ்ட்ராமில் பிளவை நிறுத்த வேண்டும் (ஆங்ஸ்ட்ராம் என்பது ஒளியின் அலைநீளத்தை அளக்கும் மிகச் சிறிய அலகு). இப்போது சூரியப் பிம்பம் முதல் பிளவின் மேல் எந்த வேகத்தில் நகர்கிறதோ, அதற்கு இசைந்த வேகத்தில் புகைப்படத் தட்டு இரண்டாம் பிளவின் பின்னால் நகர்ந்தால், கால்சிய ஒளியில் மட்டும் எடுத்த முழுச் சூரியன் தட்டில் பதியும்.

சொல்லும்போது எளிது. செய்யும்போது மூன்று இடத்தில் கெடும். நகர்வு சீராக இல்லையென்றால் படத்தில் வரிவரியாகப் பட்டை விழும். வேகங்கள் ஒத்துப்போகவில்லையென்றால் வட்டச் சூரியன் முட்டையாகும். பிளவின் விளிம்பில் ஒரு தூசி உட்கார்ந்தால் படம் முழுக்க ஒரு நேர்கோடு ஓடும். இவற்றோடு கருவியின் வெப்பநிலை மாறினால் நிறமாலைக்கோடு நகர்ந்து பிளவை விட்டே விலகிவிடும், அப்போது நீங்கள் எடுத்த படம் கால்சியப் படமே அல்ல. சிகாகோவில் வீட்டோடு சேர்ந்த கென்வுட் ஆய்வகத்தில் 12 அங்குலத் தொலைநோக்கியை வைத்துக்கொண்டு ஹேல் இவற்றையெல்லாம் ஒவ்வொன்றாகச் சரிசெய்தார். அதே காலத்தில் பாரிஸில் வானியலாளர் தெலாந்த்ரும் தனியாக இதே வழியில் வந்துகொண்டிருந்தார் என்பதையும் சொல்லியாக வேண்டும்.

அடுத்து யெர்க்ஸ். டிராம் முதலாளி சார்லஸ் யெர்க்ஸிடம் பேசிப் பணம் வாங்கி, 40 அங்குல வில்லையுடன் 1897இல் ஹேல் நிறுவிய ஆய்வகம். இன்றுவரை உலகின் மிகப் பெரிய வில்லைத் தொலைநோக்கி ஆய்வகம் அது. 1895இல் வானியலாளர் கீலருடன் சேர்ந்து அவர் தொடங்கிய ஆஸ்ட்ரோஃபிசிகல் ஜர்னல் என்ற ஆய்விதழ் இன்றும் வருகிறது. இவற்றை விரைந்து கடக்கிறேன். நம் கதைக்கு வேண்டியது, யெர்க்ஸில் ஹேலுக்குப் பிடிபட்ட ஒரு குறை. தொலைநோக்கிக் குழாய் சூரியனைத் தொடர்ந்து திரும்பிக்கொண்டே இருக்கும். அதன் வாலில் எவ்வளவு நீளமான நிறமாலைக் கருவியை மாட்ட முடியும்? நீளம் கூடினால் வளையும், வளைந்தால் கோடு நகரும். கோடுகளை அகலமாகப் பிரிக்கவோ நீளமான கருவிதான் வேண்டும். அதனால் ஹேல் முறையையே தலைகீழாக்கினார். கருவி தரையில் அசையாமல் நிற்கட்டும், ஒளியைக் கண்ணாடிகளால் அதனிடம் கொண்டுவருவோம்.

1904இல் கார்னெகி நிறுவனத்தின் உதவியுடன், சுமார் 1,740 மீட்டர் உயர வில்சன் மலையில் புது ஆய்வகம் தொடங்கியது. ஒடுங்கிய மலைப்பாதை. கோவேறு கழுதைகளின் முதுகிலும் அவை இழுத்த வண்டியிலும்தான் எல்லாம் ஏறின. முதலில் நின்றது ஸ்னோ தொலைநோக்கி. சூரியனைப் பின்தொடரும் தட்டைக் கண்ணாடி ஒளியை இன்னொரு தட்டைக் கண்ணாடிக்கு அனுப்ப, அது நீண்ட கொட்டகைக்குள் கிடைமட்டமாக அனுப்பும். கோடையில் தார்ச்சாலை மேல் கானல் அலைவதைப் பார்த்திருக்கிறோமே, அதுதான் இங்கேயும் எதிரி. வெயில் ஏறிய தரையை ஒட்டி ஒளி போகிறது, சூடான காற்று அதைக் குலுக்குகிறது. அது போதாதென்று கண்ணாடியே வெயில் பட்டு முன்பக்கம் விரிந்து வளைகிறது. குவியத்தூரம் மாறிக்கொண்டே இருக்கிறது. காலையில் சூரியன் உதித்து மலை சூடேறுவதற்கு முன் கிடைக்கும் கொஞ்ச நேரம்தான் நல்ல பிம்பம்.

சூடு தரையில் இருக்கிறதென்றால் தரையை விட்டு மேலே போவோம் என்பதே ஹேலின் விடை. 60 அடி இரும்புக் கோபுரம். உச்சியில் இரண்டு தட்டைக் கண்ணாடிகள். வெயிலில் வளையாதிருக்க அவற்றின் தடிமன் 12 அங்குலம், ஒரு முழு அடி! அவற்றின் கீழே 60 அடி குவியத்தூரமுள்ள வில்லை. ஒளி நேர்செங்குத்தாக இறங்கித் தரைமட்டத்தில் சுமார் 17 செ.மீ. விட்டமுள்ள சூரியனாக விழும். அங்கே பிளவு. பிளவுக்குக் கீழே பூமியைக் குடைந்து 30 அடிக் கிணறு. கிணற்றின் அடியில் கீற்றணி. ஒளி கீழே போய் நிறமாலையாக விரிந்து மேலேயே திரும்பிவரும், பார்ப்பவர் தரையில் நின்றே தட்டை மாட்டலாம். இந்தக் கிணறுதான் எனக்கு ஹேலின் கருவிகளிலேயே மிகவும் பிடித்தது. நம் வீட்டுக் கிணற்றில் சித்திரை வெயிலிலும் தண்ணீர் குளிர்ந்திருப்பதற்கு என்ன காரணமோ அதே காரணம். நிலத்தடியில் வெப்பநிலை பகலும் இரவும் ஏறக்குறைய ஒன்று. நீண்ட நேரம் தட்டுக்கு ஒளி காட்டினாலும் கோடு இடம்பெயராது.

சூரியப் புள்ளிகள் சுற்றுப்புறத்தைவிடக் குளிர்ந்தவை என்பதை, 1906இல் சோதனைச்சாலை நிறமாலைகளோடு ஒப்பிட்டு ஹேலும் அவருடைய சகாக்கள் ஆடம்ஸும் கேலும் காட்டியிருந்தார்கள். 1908இல் சிவப்பு ஒளிக்கு உணர்வூட்டிய தட்டுகள் கைக்கு வந்தன. ஹைட்ரஜனின் சிவப்புக் கோட்டில் எடுத்த படங்களில், புள்ளிகளைச் சுற்றிச் சுழல்போல வளைந்த இழைகள் தெரிந்தன. ஹேல் அதைப் புயலின் சுழலாகவே கண்டார். மின்னேற்றம் பெற்ற தட்டு சுழன்றால் காந்தப்புலம் உண்டாகும் என்று இயற்பியலாளர் ரோலண்ட் 1870களில் காட்டியிருந்தார். சூரியப் புயலில் மின்னேற்றத் துகள்கள் சுழன்றால் அங்கேயும் காந்தம் இருக்க வேண்டுமே? காந்தப்புலத்தில் நிறமாலைக்கோடு பிரியும் என்று இன்னோர் இயற்பியலாளர் ஜீமன் 1896இலேயே கண்டிருந்தார். புள்ளிகளின் நிறமாலையில் சில கோடுகள் இரட்டையாகத் தெரிவது முன்பே பலர் பார்த்ததுதான். அது காந்தத்தின் வேலையா, வேறு ஏதாவதா?

வேறுபடுத்த ஒரே வழி ஒளியின் தளவிளைவு, அதாவது ஒளி அலை கண்டபடி அதிராமல் ஓர் ஒழுங்கில் அதிர்வது. காந்தப்புலம் நம்மை நோக்கி இருந்தால், பிரிந்த இரண்டு கோடுகளும் எதிரெதிர்த் திசையில் வட்டத் தளவிளைவு பெற்றிருக்கும். அதாவது ஒன்றின் அதிர்வு வலமாகவும் மற்றதன் அதிர்வு இடமாகவும் சுழலும். பிளவுக்கு மேலே ஃப்ரெனல் ரோம்பு என்ற கண்ணாடிக்கட்டியை வைத்தால், வலமும் இடமுமான அவை ஒன்றுக்கொன்று செங்குத்தான இரண்டு நேர்த்தளங்களாகும். அடுத்து ஒரு நிகோல் பட்டகம். அது ஒன்றை விட்டு மற்றதை மறிக்கும். பட்டகத்தை 90 பாகை திருப்பு. இருந்த கோடு மங்கி, மங்கியிருந்த கோடு எழுந்தது. சாதாரணக் கோடு அப்படி இடம் மாறாது. இதில் ஓர் எச்சரிக்கையும் உண்டு. சாய்வாக ஒளி பட்டுத் திரும்பும் வெள்ளிப் பூச்சுக் கண்ணாடியே தளவிளைவைக் கொஞ்சம் மாற்றிவிடும். கோபுர உச்சியில் இரண்டு கண்ணாடிகள் இருக்கின்றன, அவற்றின் சாய்வு நேரத்துக்கு நேரம் மாறுகிறது. அதைக் கணக்கில் எடுக்காமல் அளவுகளை நம்பக் கூடாது.

ஹேல் அதோடு நிற்கவில்லை. சோதனைச்சாலையில் மின்காந்தத்தின் முனைகளுக்கு நடுவே இரும்புப் பொறியை எரித்து, எந்தக் கோடு எவ்வளவு பிரிகிறது என்று அளக்கச் செய்தார். அங்கே அதிகம் பிரிந்த கோடு சூரியப் புள்ளியிலும் அதிகம் பிரிந்திருந்தது, குறைவாகப் பிரிந்தது குறைவாகவே. காந்தப்புலத்தை அளக்கும் அலகான காஸ் கணக்கில், புலத்தின் வலிமை 2,900 வரை வந்தது. பூமியின் காந்தப்புலம் அரை காஸ் என்பதை நினைத்துக்கொள்ளுங்கள். ஒரு கணக்கும் போட்டுவிடலாம். 6302.5 ஆங்ஸ்ட்ராமில் உள்ள இரும்புக் கோடு, 3,000 காஸ் புலத்தில் சுமார் 0.28 ஆங்ஸ்ட்ராம் பிரியும். பின்னாளில் வில்சன் மலையிலேயே எழுந்த 150 அடிக் கோபுரத்தின் கீழே அமைத்த 75 அடி நிறமாலைக் கருவியில், ஓர் ஆங்ஸ்ட்ராம் தட்டின் மேல் ஏறக்குறைய 3 மி.மீ. ஆக விரியும். அப்படியென்றால் பிரிவு 0.8 மி.மீ. கண்ணால் பார்த்தே சொல்லலாம். அந்தப் பெரிய கோபுரத்தில் இன்னொரு நுட்பமும் உண்டு. வெளிக்கோபுரத்தின் ஒவ்வொரு காலும் சட்டமும் உள்ளீடற்ற குழல், கண்ணாடிகளைத் தாங்கும் உள்கோபுரம் அதற்குள் எங்கும் தொடாமல் நிற்கிறது. காற்று வெளிக்கூட்டை அடிக்கும், உள்ளே அசையாது.

இங்கேதான் நம் கொடைக்கானல் சூரிய ஆய்வகம் வருகிறது. அங்கே பணியாற்றிய ஜான் எவர்ஷெட், ஹேலின் சுழல் உண்மையா என்று பார்க்கப் பிளவைப் புள்ளியின் மேல் இரண்டு வகையாக வைத்தார். சூரிய வட்டத்தின் ஓரத்துப் பக்கமுள்ள புள்ளியில் வாயு சுழன்றால், வட்ட மையத்திலிருந்து புள்ளிக்குப் போகும் கோட்டுக்குக் குறுக்காகப் பிளவை வைக்கும்போது நிறமாலைக்கோடு சாய வேண்டும். வாயு நாற்புறமும் வெளியே வழிந்தோடினால், அந்தக் கோட்டின் வழியே பிளவை வைக்கும்போது சாய வேண்டும். 1909 ஜனவரியில் சாய்ந்தது இரண்டாவது வகையில். புள்ளியின் கறுத்த நடுப்பகுதியைச் சூழ்ந்த, சற்றே வெளிறிய அரைநிழல் பகுதியில் வாயு நொடிக்குச் சுமார் 2 கிலோமீட்டர் வேகத்தில் ஆரவழியே வெளியேறுகிறது. எவர்ஷெட் விளைவு என்று இன்றும் பாடநூல்கள் சொல்வது இதைத்தான். ஹேல் எதிர்பார்த்த சுழல் அங்கே இல்லை. பின்னாளில் ஹேலே, ஹைட்ரஜன் இழைகள் வளையும் திசைக்கும் புள்ளியின் காந்த முனைக்கும் தொடர்பில்லை என்று தம் தட்டுகளிலிருந்து கண்டறிந்து எழுதினார். தவறான காரணத்தைப் பிடித்துக்கொண்டு சரியான இடத்துக்கு வந்தவர், அந்தக் காரணத்தைத் தாமே கைவிட்டார். அறிவியலில் இதைவிட மதிக்கத்தக்க செயல் எனக்குத் தெரியாது.

அதன்பின் வந்ததுதான் பெரும் அறுவடை. புள்ளிகள் பெரும்பாலும் இரட்டையாக வரும், ஒன்று வட முனை என்றால் மற்றது தென் முனை. சூரியனின் வட அரைக்கோளத்தில், அது சுழலும் திசையில் முன்னே செல்லும் புள்ளி வட முனையாக இருந்தால், தென் அரைக்கோளத்தில் முன்னே செல்வது தென் முனை. இதை நிலையான விதி என்று நினைத்திருந்தார்கள். 1913ஐ ஒட்டிப் புள்ளிகள் அருகி, 30 பாகை அளவிலான உயர் அட்சங்களில், புள்ளிகள் கூடிக் குறையும் சுற்றில் புதிதாகத் தொடங்கிய ஒன்றின் புள்ளிகள் தோன்றியபோது எல்லாம் தலைகீழாக இருந்தது! அவசரப்படாமல் அடுத்த குறைவுக்காலம் வரை காத்திருந்தார்கள். 1923ஐ ஒட்டி மீண்டும் புரண்டது. 1925இல் ஹேலும் அவருடைய சகா நிக்கல்சனும் விதியை வெளியிட்டார்கள். பதினோரு ஆண்டு என்று நாம் சொல்லும் சூரியச் சுழற்சி காந்தக் கணக்கில் இருபத்திரண்டு ஆண்டு.

தோல்வியையும் மறைக்கக் கூடாது. புள்ளிகளில் மட்டுமல்ல, பூமியைப்போலச் சூரியன் முழுவதற்கும் காந்தப்புலம் உண்டா என்று 1912 முதல் ஹேல் தேடினார். துருவத்தில் சுமார் 50 காஸ் என்று அறிவித்தார். அதற்குரிய நகர்வு ஓர் ஆங்ஸ்ட்ராமில் ஆயிரத்தில் ஒரு பங்கு அளவு. புகைப்படக் கோட்டின் அகலமே அதைப்போலப் பல மடங்கு. அளப்பவரின் கண் எதிர்பார்ப்பின் பக்கம் சாயும் இடம் அது. 1950களில் பாப்காக் தந்தையும் மகனும் மின்னணு முறையில் அளந்தபோது வந்தது 1 காஸ் அளவே.

உடல்நலம் குன்றி 1923இல் வில்சன் மலை ஆய்வக இயக்குநர் பொறுப்பிலிருந்து ஹேல் விலகினார். பசடேனாவில் சிறு ஆய்வகம் அமைத்து, பிளவுகளை வேகமாக அதிரச்செய்து ஹைட்ரஜன் ஒளியில் சூரியனை நேரே கண்ணால் பார்க்கும் ஸ்பெக்ட்ரோஹீலியோஸ்கோப்பைச் செய்தார். உலகின் பல ஆய்வகங்களுக்கு அது போயிற்று, கொடைக்கானலுக்கும் வந்தது. 1938இல் அவர் மறைந்தார்.

150 அடிக் கோபுரத்தின் கீழே 1917 ஜனவரியில் ஒரு வேலை தொடங்கியது. வானம் தெளிந்த நாளில், சுமார் 43 செ.மீ. சூரியப் பிம்பம் விழும் இடத்தில் தாளை வைத்துப் புள்ளிகளைப் பென்சிலால் வரைவார்கள். பிறகு பிளவை ஒவ்வொரு புள்ளியின் மேலும் வைத்து, பிளவின் மேல் அடுக்கிய மைக்காக் கீற்றுகள் வழியே கோட்டைப் பார்ப்பார்கள். பட்டைக்குப் பட்டை கோடு பல்பல்லாக இடம் மாறித் தெரியும். அது எந்தப் பக்கம் சாய்கிறது, எவ்வளவு என்று பார்த்து, சிவப்புப் பக்கமென்றால் ஆர், ஊதாப் பக்கமென்றால் வி என்ற எழுத்தையும், நூறு காஸ் கணக்கில் ஓர் எண்ணையும் புள்ளியின் பக்கத்தில் குறிப்பார்கள். கொடைக்கானலிலோ இருபதாம் நூற்றாண்டின் தொடக்கம் முதல் கால்சிய கே கோட்டில் எடுத்த கண்ணாடித் தட்டுகள் இருக்கின்றன. காந்தப்புலம் எங்கே செறிந்திருந்ததோ அங்கே கால்சியம் பிரகாசிக்கும், ஆனால் எந்த முனை என்று அது சொல்லாது. அதைச் சொல்வது பென்சில் எழுத்து. அன்றைய சூரியனின் காந்த வரைபடத்தை இன்று மீட்டெடுக்க முனைபவருக்கு, அந்த இரண்டும் மேசையில் பக்கத்தில் பக்கத்தில் வேண்டும்.