தேதியை வைத்திருக்கும் அமைச்சர்

(கடலூரில் ஒரு வாசகர் கூட்டத்தில் பேசியதன் எழுத்து வடிவம். சற்றுச் சுருக்கியிருக்கிறேன்.)

தலைமை தாங்கும் பெரியவர் அவர்களே, விவசாய நண்பர்களே, புதுச்சேரியின் பாகூர்ப் பக்கத்திலிருந்து பஸ் பிடித்து வந்திருப்பவர்களே, அனைவருக்கும் வணக்கம்.

மத்திய நீர்வளத்துறை அமைச்சரைப் பற்றிக் கடலூரில் என்ன பேச்சு என்று வாசலில் ஒருவர் கேட்டார். வேறு எந்த ஊரில் பேசுவது? தென்பெண்ணை கர்நாடகத்து நந்தி மலையில் பிறந்து, இங்கே தாழங்குடா பக்கம் கடலில் கலக்கிறது. வீராணத்துக்கு வருவது காவிரித் தண்ணீர். கீழணையில் பிரிந்து வடவாறு வழியாக வந்து சேருகிறது. இரண்டுக்கும் நாம் கடைமடை. தலைமடைக்காரருக்கு டெல்லியில் யார் அமைச்சர் என்று தெரியாமலே காலம் ஓடிவிடும். நமக்கு ஓடாது.

இத்தனைக்கும் அந்த அமைச்சர் கையில் தண்ணீர் கிடையாது. அரசியலமைப்பின் ஏழாவது அட்டவணையில், மாநிலப் பட்டியலின் 17-வது இனம் குடிநீர், பாசனம், கால்வாய், வடிகால், கரை, தேக்கம் அத்தனையையும் மாநிலங்களுக்குக் கொடுத்துவிட்டது. மத்தியப் பட்டியலின் 56-வது இனம் மட்டும், மாநிலம் தாண்டி ஓடும் ஆறுகளை முறைப்படுத்தச் சட்டம் செய்யலாம் என்கிறது. அதை நம்பி 1956-ல் நதி வாரியங்கள் சட்டம் கொண்டு வந்தார்கள். அந்தச் சட்டத்தின்கீழ் ஒரு வாரியம்கூட இதுவரை அமைந்ததில்லை. மாநிலங்களுக்கு விருப்பமில்லை, டெல்லிக்கு வம்பு வேண்டியிருக்கவில்லை.

அப்படியானால் அவரிடம் என்னதான் இருக்கிறது? தேதி இருக்கிறது. மாநிலங்களின் ஆற்றுத் தகராறைத் தீர்க்கும் நடுவர் மன்றத்தை என்றைக்கு அமைப்பது, அதன் தீர்ப்பை என்றைக்கு அரசிதழில் போடுவது, அதை நிறைவேற்றும் அமைப்பை என்றைக்கு உண்டாக்குவது. இந்த மூன்று தேதிகளுக்குள் நம் பகுதி குறுவையும் சம்பாவும் எத்தனை முறை வந்து போயின என்பதை உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை.

கொஞ்சம் வரலாறு. இந்தப் பதவியின் வேரைத் தேடினால் அம்பேத்கரிடம் போய் நிற்போம். பலருக்கு இது வியப்பாக இருக்கும். 1942 முதல் 1946 வரை வைஸ்ராயின் நிர்வாகக் குழுவில் அவர் தொழிலாளர் துறை உறுப்பினர். பாசனமும் மின்சாரமும் அப்போது அந்தத் துறையில்தான் இருந்தன. ஓர் ஆற்றை அதன் பள்ளத்தாக்கு முழுவதற்குமாகச் சேர்த்துத் திட்டமிட வேண்டும் என்ற எண்ணம் வங்கத்துத் தாமோதர் ஆற்றுத் திட்டத்தில் உருப்பெற்றது அவர் காலத்தில்தான். இன்றைய மத்திய நீர் ஆணையத்தின் முன்னோடி அமைப்பு 1945-ல் பிறந்தது. அதன் முதல் தலைவர் பொறியாளர் ஏ.என். கோஸ்லா. ஆறு முழுவதையும் ஒன்றாகப் பார்த்த மனிதர் அமர்ந்த துறை, பின்னாளில் ஆற்றை மாநிலவாரியாகப் பார்க்க வேண்டிய துறையாக ஆனது.

சுதந்திரத்துக்குப் பிறகு துறை பல வீடு மாறியது. 1952-ல் பாசனமும் மின்சாரமும் சேர்ந்து ஓர் அமைச்சகம். குல்சாரிலால் நந்தா அமைச்சர். அறுபதுகளில் கே.எல். ராவ் வந்தார். பிறவியிலேயே பொறியாளர் என்று சொல்லலாம். கங்கையைக் காவிரியோடு இணைக்க 2,640 கிலோமீட்டருக்குக் கால்வாய் வெட்டலாம் என்று 1972-ல் திட்டம் போட்டவர் அவர். செலவும், தண்ணீரை மேலேற்றத் தேவைப்படும் மின்சாரமும் கணக்கிட்டதும் அது அலமாரிக்குப் போனது. நம் ஊர்த் தேர்தல் மேடைகளில் மட்டும் இன்றும் ஓடிக்கொண்டிருக்கிறது. 1974-ல் பாசனம் வேளாண்மையோடு போனது. 1985-ல் நீர்வள அமைச்சகம் என்று தனியானது; அமைச்சர் பி. சங்கரானந்த். 2019-ல் குடிநீர்த் துறையையும் சேர்த்து ஜல் சக்தி ஆனது. பெயர்ப்பலகைக் கதை இத்தோடு போதும்.

தேதிக்கு வருவோம். 1983-ல் காவிரிப் படுகை விவசாயிகள் சங்கம் ஒன்று உச்ச நீதிமன்றத்துக்குப் போனது. 1986 ஜூலையில் தமிழக அரசு நடுவர் மன்றம் கேட்டு டெல்லிக்கு எழுதியது. மன்றம் அமைந்தது 1990 ஜூன் 2 அன்று, அதுவும் உச்ச நீதிமன்றம் உத்தரவிட்ட பிறகு. இறுதித் தீர்ப்பு 2007 பிப்ரவரி 5: தமிழகத்துக்கு 419 டி.எம்.சி. (ஆயிரம் மில்லியன் கன அடி), கர்நாடகத்துக்கு 270, கேரளத்துக்கு 30, காரைக்காலுக்காகப் புதுச்சேரிக்கு 7. தீர்ப்பு வந்தபோது அமைச்சர் சைபுதீன் சோஸ். அரசிதழில் அது வெளியானபோது அமைச்சர் ஹரிஷ் ராவத், ஆண்டு 2013. வழக்குகள் நிலுவையில் இருந்தன என்பது சமாதானம். ஓரளவு நியாயமும் அதில் உண்டு. ஆனால் அரசிதழில் வராத தீர்ப்பு வெறும் தாள் என்பதும், அந்த ஆறு ஆண்டுகளில் மாதாமாதம் தண்ணீர் கேட்டு நாம் கையேந்தியதும் உண்மை.

2018 பிப்ரவரி 16 அன்று உச்ச நீதிமன்றம் நம் பங்கை 404.25 ஆகக் குறைத்தது. டெல்டாவின் நிலத்தடி நீரில் 10 டி.எம்.சி.யைக் கணக்கில் எடுத்துக்கொண்டார்கள். கடற்கரை ஓரத்தில் உப்பேறிய போர்வெல் வைத்திருப்பவர்களுக்கு அந்தக் கணக்கு எப்படி இனித்திருக்கும்! ஆறு வாரத்தில் செயல்திட்டம் வகுக்கச் சொன்னது நீதிமன்றம். கெடு முடிந்ததும் மத்திய அரசு விளக்கம் கேட்டு மனு போட்டது. காவிரி நீர் மேலாண்மை ஆணையம் ஜூன் 1 அன்றுதான் வந்தது.

இதைச் சொல்லும்போது ஒன்றை ஒப்புக்கொள்ள வேண்டும். இந்த அமைச்சகம் சத்தமில்லாமல் ஒழுங்காகச் செய்யும் வேலையும் உண்டு. பத்திரிகையில் தினமும் 'பிலிகுண்டுலுவில் இத்தனை ஆயிரம் கன அடி' என்று படிக்கிறீர்களே, காவிரி தமிழகத்துக்குள் நுழையும் இடத்தில் எடுக்கும் அந்த அளவு யார் கணக்கு? மத்திய நீர் ஆணையத்தின் கணக்கு. ஆற்றின் குறுக்குவெட்டைத் துண்டு துண்டாகப் பிரித்து, ஒவ்வொரு துண்டிலும் அகலமும் ஆழமும் பார்த்து, சுழலும் கருவியை நீரில் இறக்கி வேகம் பார்த்து, மூன்றையும் பெருக்கிக் கூட்டுகிறார்கள். வெயிலோ மழையோ, அளவு எடுத்தாக வேண்டும். சென்னையும் பெங்களூருவும் எதில் சண்டை போட்டாலும் வாதம் அந்த எண்ணை வைத்துத்தான் நடக்கிறது.

தென்பெண்ணைக்கு அந்த அளவுகூடக் கவனம் கிடைக்கவில்லை. துணை நதியான மார்க்கண்டேயாவில் கர்நாடகம் அணை கட்டியதை எதிர்த்துத் தமிழகம் போட்ட இடைக்கால மனுவை 2019 நவம்பரில் உச்ச நீதிமன்றம் தள்ளுபடி செய்து, நடுவர் மன்றம் வேண்டுமானால் மத்திய அரசைக் கேளுங்கள் என்றது. மாநிலங்களுக்கு இடையிலான நதிநீர்த் தகராறுகள் சட்டம் என்று 1956-ல் வந்த இன்னொரு சட்டம் உண்டு. 2002-ல் திருத்திய அந்தச் சட்டப்படி, பேச்சுவார்த்தையில் தீராது என்றால் கோரிக்கை வந்த ஓராண்டுக்குள் மன்றம் அமைக்க வேண்டும். அமைச்சகம் பேச்சுவார்த்தைக் குழு அமைத்தது. ஓராண்டு தாண்டிப் போனது. ஆற்றுத் தகராறுக்கு நேராக உச்ச நீதிமன்றம் போக முடியாதபடி அரசியலமைப்பின் 262-வது பிரிவும் அதே தகராறுகள் சட்டமும் கதவைச் சாத்தியிருக்கின்றன. திறந்திருக்கும் ஒரே கதவின் சாவி அமைச்சரிடம். அவர் சாவியைத் தொலைக்கவில்லை, சட்டைப் பையில் வைத்திருந்தார்.

பேச்சு முடிந்ததும் பாகூர் நண்பர் ஒருவர் எழுந்து கேட்டார்: "2024 டிசம்பர் 2 விடியற்காலையில் தென்பெண்ணையின் சாத்தனூர் அணையிலிருந்து 1.68 லட்சம் கன அடி திறந்தார்களே, அதற்கு யாரிடம் மனு கொடுப்பது?" ஃபெஞ்சல் புயல் மழை அப்போதுதான் ஓய்ந்திருந்தது. விழுப்புரம், கடலூர்க் கரைகளோடு பாகூர் வயல்களும் மூழ்கின. அவருக்குச் சொன்ன பதிலையே இங்கும் எழுதுகிறேன். அணை தமிழக அரசுடையது. மதகு திறந்த நேரம் பற்றிய கேள்வி சென்னைக்கு. சொர்ணாவூர் அணைக்கட்டிலிருந்து வரும் பங்காரு வாய்க்கால், பாகூர் ஏரிக்கரை பற்றியது புதுச்சேரி பொதுப்பணித் துறைக்கு. 2021-ன் அணைப் பாதுகாப்புச் சட்டப்படி சாத்தனூருக்கு அவசரகாலச் செயல்திட்டம் இருக்க வேண்டும். அதில் பாகூர் இருக்கிறதா என்று தகவல் உரிமைச் சட்டத்தில் கேளுங்கள். டெல்லி அமைச்சருக்கு எழுதுவதானால் வெள்ள முன்கணிப்பைப் பற்றி எழுதுங்கள். எச்சரிக்கை எத்தனை மணி நேரத்துக்கு முன்னால் பாகூருக்கு வந்து சேரும் என்று கேளுங்கள். பதில் வந்தால் எனக்கும் ஒரு நகல் அனுப்புங்கள்.