ஓரத்தில் நிற்கும் வேகன்

அன்பார்ந்த வானொலி நேயர்களுக்கு என் வணக்கம்.

என் மேசை இழுப்பறையில் ஒரு புகைப்படம் இருக்கிறது. அஞ்சலட்டை அளவுதான். இங்கிலாந்தின் யார்க் நகரத்துக்குச் சென்றிருந்தபோது, பழைய பொருள்கள் விற்கும் ஒரு சிறு கடையில், செருப்புப் பெட்டி ஒன்றுக்குள் நெருக்கி அடுக்கியிருந்த படங்களுக்கு நடுவிலிருந்து அதை எடுத்தேன். ஏதோ ஒரு சிற்றூர் ரயில் நிலையத்தின் சரக்கு யார்டு. நடுவில் ஒரு குதிரை. அதன் கடிவாளத்தைப் பிடித்தபடி தட்டைத் தொப்பி அணிந்த ஒருவர். படத்தின் பின்புறம் பென்சிலால் எழுதியிருப்பது ஒரே ஒரு சொல். அது ‘கேப்டன்’. குதிரையின் பெயராக இருக்க வேண்டும். ஊரும் ஆண்டும் இல்லை. நான் அந்தப் படத்தை வாங்கியது குதிரைக்காக அல்ல; குதிரைக்குப் பின்னால் முக்கால்வாசி தெரியும் ஒரு நிலக்கரி வேகனுக்காக.

பிரிட்டிஷ் ரயில்களின் மீது எனக்குள்ள ஈடுபாடு சிறு வயதில் தொடங்கியது. எங்கள் ஊர் ரயிலடியில் ஓய்வாக நின்றிருந்த பழைய சரக்கு வேகன் ஒன்றின் அடிச்சட்டத்தில், வார்ப்பிரும்புத் தகடு ஒன்றில் ‘பர்மிங்ஹாம்’ என்று புடைப்பாக எழுதியிருந்தது. எழுத்துக் கூட்டி அதைப் படித்த நாள் முதல், அந்த ஊரிலிருந்து கடல் கடந்து வந்த அந்த இரும்புச் சட்டத்தைப் பற்றி அறிந்துகொள்ளும் ஆவல் எனக்கு அடங்கவேயில்லை.

ரயில் ஆர்வலர்களில் பெரும்பாலோர் என்ஜின்களின் பக்தர்கள். அதில் வியப்பில்லை. 1938ஆம் ஆண்டு ஜூலை 3ஆம் நாள் மணிக்கு 126 மைல் வேகத்தைத் தொட்ட ‘மல்லார்ட்’ என்ஜினை யார்க் ரயில்வே அருங்காட்சியகத்தில் நேரில் பார்த்தபோது நானும் வாயடைத்துத்தான் நின்றேன். என்ஜின்களுக்கென்றே வாழ்நாளைக் கொடுத்த புகைப்படக்காரர்கள் பிரிட்டனில் உண்டு. ஏழு அடிக்கும் கால் அங்குலம் கூடுதலான அகலப் பாதையில் ஓடிய கிரேட் வெஸ்டர்ன் ரயில்களை, 1892ஆம் ஆண்டு மே மாதத்தில் அந்தப் பாதை மறைவதற்கு முந்தைய கடைசி ஆண்டுகளில் படமெடுத்தவர் மாலன் என்னும் பாதிரியார். பின்னாளில் வேக்ஃபீல்டு பிஷப்பாக உயர்ந்த எரிக் ட்ரேசி, நீராவி என்ஜின்களின் புகையையும் வேகத்தையும் படங்களில் பிடித்துக்கொண்டே இருந்தார். 1978இல் ஆப்பிள்பி நிலையத்தில், நீராவி என்ஜின் இழுத்து வரும் ரயிலுக்காகக் காத்திருந்த வேளையில் அவர் உயிர் பிரிந்தது.

வேகன்களுக்கு அப்படி ஒருவர் வாய்ப்பது அரிதாகவே இருந்தது. ஆனால் கணக்கைப் பாருங்கள். 1948ஆம் ஆண்டு ஜனவரி முதல் நாள் பிரிட்டனின் ரயில்வே அரசுடைமையானபோது இருந்த என்ஜின்கள் ஏறத்தாழ 20,000. வேகன்களோ ஏறத்தாழ 12 லட்சம். அந்த நாட்டின் ஆலைகளையும் அடுப்புகளையும் எரியவைத்த நிலக்கரி அந்த 12 லட்சம் வண்டிகளில்தான் ஊர் ஊராகப் போயிற்று. அவற்றில் ஏறத்தாழ பாதி, ரயில் கம்பெனிகளுக்குச் சொந்தமானவையே அல்ல. சுரங்க முதலாளிகளும் ஊர்தோறும் இருந்த நிலக்கரி வியாபாரிகளும் தங்கள் சொந்தப் பணத்தில் வேகன் வாங்கி, சிவப்பிலோ கறுப்பிலோ பச்சையிலோ வண்ணம் பூசி, தங்கள் பெயரையும் ஊரையும் பக்கப் பலகை முழுவதும் நிழல் விழும் பெரிய எழுத்துகளில் எழுதி ஓடவிட்டார்கள். ஒரே ஒரு வேகன் வைத்திருந்த வியாபாரியும் உண்டு. ஆயிரக்கணக்கில் வைத்திருந்த சுரங்கக் கம்பெனியும் உண்டு. நம் ஊர் லாரிகளில் உரிமையாளர் பெயர் எழுதியிருப்பதைப் பார்த்துப் பழகிய நமக்கு அந்தப் பெருமிதம் உடனே புரியும்.

இத்தனை பேருடைய வண்டிகள் இத்தனை கம்பெனிகளின் தண்டவாளங்களில் கலந்து ஓடினால் யார் யாருக்கு எவ்வளவு கொடுக்க வேண்டும் என்பது எப்படித் தெரியும்? அதற்கென்றே 1842இல் ‘ரயில்வே கிளியரிங் ஹவுஸ்’ என்னும் அமைப்பு லண்டனில் தோன்றியது. இரண்டு கம்பெனிகளின் பாதைகள் சேரும் சந்திப்புகளில் அந்த அமைப்பின் ஆட்கள் குறிப்பேட்டுடன் நின்று, கடந்து செல்லும் ஒவ்வொரு வேகனின் எண்ணையும் எழுதிக்கொண்டார்கள். மழையிலும் பனியிலும் இரவு விளக்கின் வெளிச்சத்திலும் நடந்த வேலை அது. தனியார் வேகன்கள் எந்த அளவில், எந்த வலிமையில் இருக்க வேண்டும் என்ற பொது விதிகளையும் அதே அமைப்பு 1887இல் வகுத்தது. அவ்விதிகள் பின்னர் பலமுறை திருத்தப்பட்டு, 1923ஆம் ஆண்டின் வடிவத்தில் 12 டன் ஏற்றும் வேகன் நாடெங்கும் பரவியது. எனவே பலகைகளை எண்ணியும், வேகனின் முனையில் மோதலைத் தாங்கும் பஃபரின் வடிவத்தைப் பார்த்தும், ஒரு வேகன் எந்தத் தலைமுறையைச் சேர்ந்தது என்று ஓரளவு சொல்லிவிடலாம்.

அந்த வேகன்கள் ஓடிய விதத்தையும் சற்றுச் சொல்ல வேண்டும். பெரும்பாலானவற்றில் என்ஜின் டிரைவர் இயக்கக்கூடிய பிரேக் கிடையாது. வேகனுக்கு வேகன் மூன்று வளையச் சங்கிலி ஒன்றுதான் இணைப்பு. என்ஜின் நகரும்போது சங்கிலி ஒவ்வொன்றாக இறுகி, அந்த ஓசை ரயிலின் நீளம் முழுவதும் ஓடி, கடைசியில் கார்டு இருக்கும் பிரேக் வேனை வெடுக்கென்று இழுக்கும். கார்டு எதையாவது பிடித்துக்கொண்டு நிற்காவிட்டால் விழ வேண்டியதுதான். பர்மிங்ஹாமுக்குத் தெற்கே லிக்கி என்னும் சரிவு இருக்கிறது, 37.7 அடிக்கு ஓர் அடி வீதம் இரண்டு மைல் தூரம் ஏறும். அத்தகைய சரிவின் உச்சியில் சரக்கு ரயிலை நிறுத்தி, வேகன்களின் பக்கத்தில் இருக்கும் நீண்ட பிரேக் கைப்பிடிகளை ஒவ்வொன்றாக அழுத்தி, மேலெழாதபடி ஊசி செருகிய பிறகே இறக்குவார்கள். யார்டுகளில், முனையில் கொக்கி பொருத்திய மரக்கம்பு ஒன்றைக் கொண்டு, நகரும் வேகன்களின் சங்கிலியை, வேகன்களைப் பிரித்துச் சேர்க்கும் ஷண்டிங் தொழிலாளி ஓடியபடியே மாட்டுவார், கழற்றுவார். பழைய படங்களில் சுவரோரம் சாய்த்து வைத்த அந்தக் கம்பைக் காணும்போதெல்லாம் அதைப் பிடித்த கைகளை நான் நினைத்துக்கொள்வேன்.

கிரேட் வெஸ்டர்ன் ரயில்வே தன் வேகன் வகைகளுக்குத் தந்திச் செலவைக் குறைப்பதற்காகச் சுருக்கப் பெயர்கள் வைத்திருந்தது. மூடிய சரக்கு வண்டி ‘மிங்க்’. இறைச்சி வண்டி ‘மைக்கா’. பால் கேன்கள் ஏற்றும் வண்டி ‘சைஃபன்’. கனமான இயந்திரங்களைத் தாழ்வாகச் சுமக்கும் நீண்ட வண்டி ‘குரோக்கடைல்’, அதாவது முதலை. கார்டின் பிரேக் வேன் ‘டோட்’, அதாவது தேரை. பிறகு வந்த பிரிட்டிஷ் ரயில்வே, ஜல்லி கொட்டும் வேகன்களுக்கு மீன்களின் பெயர்களைச் சூட்டியது. இப்பெயர்கள் வேகன்களின் மேலேயே எழுதப்பட்டிருந்ததால், படத்தைப் படிப்பவருக்கு இவை நல்ல துணை.

இனிப் புகைப்படத்துக்கு வருகிறேன். பழைய படத்தைப் பார்ப்பது வேறு, படிப்பது வேறு. தொழிற்சாலைகள் தங்கள் பதிவுக்காக எடுத்த படங்கள் உண்டு. புதிய என்ஜின் வெளிவரும்போது அதன் விவரங்கள் தெளிவாகத் தெரிய வேண்டும் என்பதற்காக, படமெடுப்பதற்கென்றே சாம்பல் வண்ணம் பூசி நிறுத்துவார்கள். அந்தப் படத்தை நம்பி, அந்த என்ஜின் சாம்பல் நிறத்திலேயே ஓடியது என்று எண்ணினால் தவறு. கிளாஸ்டர் நகரத்து வேகன் தொழிற்சாலை, வியாபாரிகளுக்குக் கட்டித் தந்த வேகன்களை அனுப்புவதற்கு முன் படமெடுத்து வைத்தது. தனியார் வேகன்களின் எழுத்தழகைப் பற்றி இன்று நாம் அறிந்திருப்பதில் பெரும்பங்கு, அப்படங்கள் பதிவான கண்ணாடித் தகடுகள் தந்ததே.

நிறத்தில் இன்னொரு சிக்கல் இருக்கிறது. அக்காலக் கண்ணாடித் தகடுகளுக்குச் சிவப்பு ஒளி தெரியாது. நீலம் மட்டும் மிக நன்றாகத் தெரியும். ஆகவே படத்தில் சிவப்பு வேகன் ஏறத்தாழக் கறுப்பாக விழும், நீலம் வெளிறிப்போகும். கண்ணுக்குக் கறுப்பாகத் தெரியும் வேகன் உண்மையில் செந்நிறமாக இருந்திருக்கலாம். இதனால் ஆர்வலர்களுக்குள் நடக்கும் விவாதங்களுக்கு அளவேயில்லை. ஒரு கம்பெனியின் வேகன்கள் சிவப்பிலிருந்து சாம்பலுக்கு எந்த ஆண்டில் மாறின என்று பெரியவர்கள் பல்லாண்டுகளாக வாதாடுவதைக் கேட்டு நான் மனம் நிறைந்திருக்கிறேன். ஒரு பொருளின் மீது அவ்வளவு அக்கறை காட்டுவது எனக்கு மிகவும் பிடித்த குணம்.

வேகன்களை அறிய நமக்குப் புகைப்படங்களே பெரிதும் வேண்டியிருப்பதற்குக் காரணம், அவற்றைக் காப்பாற்ற யாரும் முனையாததுதான். 1939இல் போர் தொடங்கியதும் தனியார் வேகன்கள் அனைத்தையும் அரசு தன் பொறுப்பில் எடுத்துக்கொண்டது. யாருடைய வேகனிலும் யாருடைய நிலக்கரியும் போகலாம் என்றானபின், உரிமையாளர் பெயரைப் புதுப்பித்து எழுத ஆளில்லை. அரசுடைமைக்குப் பிறகு அவற்றுக்கு ‘பி’ என்ற எழுத்துடன் ஓர் எண் மட்டும் கிடைத்தது. பெயர்கள் மழையில் கரைந்தன. அவற்றின் இடத்தைப் பிடித்த 16 டன் இரும்பு வேகன்கள் இரண்டு லட்சத்துக்கும் மேல் கட்டப்பட்டன. அவையும் பின்னர் உடைக்கப்பட்டன. தெற்கு வேல்ஸில் பாரி என்னும் துறைமுக ஊரில், டை வுட்டம் என்பவர் நடத்திய உடைப்புக் கூடம் ரயில் ஆர்வலர்களுக்குத் திருத்தலம் போன்றது. உடைப்பதற்காக அங்கே வாங்கப்பட்ட என்ஜின்கள் 297. அவற்றில் 213 என்ஜின்களை ஆர்வலர்கள் விலை கொடுத்து மீட்டார்கள். அவை அத்தனை ஆண்டுகள் துருவேறியபடியாவது நின்றுகொண்டிருந்ததற்குக் காரணம், அந்தக் கூடத்தின் ஆட்கள் முதலில் வேகன்களை வெட்டிக்கொண்டிருந்ததுதான். வேகனை வெட்டுவது எளிது, வரத்தும் ஓயவில்லை. என்ஜின்கள் தங்கள் முறைக்காகக் காத்திருந்த காலத்தில் காப்பாற்ற ஆட்கள் வந்து சேர்ந்தார்கள். இன்று பிரிட்டனின் பாரம்பரியப் பாதைகளில் நீராவி விட்டு ஓடும் பல என்ஜின்களுக்கு அந்த வேகன்கள்தாம் உயிர்கொடுத்தன என்று நான் உறுதியாகச் சொல்வேன்.

என் படத்துக்குத் திரும்புகிறேன். அதை ஸ்கேன் செய்து திரையில் பெரிதாக்கிப் பார்த்தேன். குதிரைக்குப் பின்னால் இருப்பது ஏழு பலகை வேகன். வியாபாரியின் பெயரில் கடைசி நான்கு எழுத்துகள் தெரிகின்றன. கீழ்மூலையில் வெற்று எடை 6-11-0 என்று, அதாவது 6 டன் 11 ஹண்ட்ரட்வெயிட் (இருபது சேர்ந்தால் ஒரு டன்) என்று எழுதியிருக்கிறது. காலியானதும் எந்தச் சுரங்கத்துக்குத் திருப்பி அனுப்ப வேண்டும் என்ற வரியும் சிறிய சாய்வெழுத்தில் இருக்கிறது; சுரங்கத்தின் பெயர் மட்டும் கரித்தூளில் மங்கிவிட்டது. தரையில் ஒரு தராசும், வாய் திறந்த சாக்குகள் மூன்றும் இருக்கின்றன. படத்தின் இடது ஓரத்தில் இன்னொரு வேகனின் மூலை. அதில் மிகப் பெரிய வெள்ளை எழுத்தில் ‘எம் எஸ்’. அவை ‘எல் எம் எஸ்’ என்னும் லண்டன் மிட்லண்ட் ஸ்காட்டிஷ் ரயில் கம்பெனியின் பெயரில் பின்னிரண்டு எழுத்துகள். அந்தக் கம்பெனி 1923 ஜனவரியில் பிறந்தது. தன் வேகன்களில் பெரிய எழுத்து எழுதும் வழக்கத்தை 1936இல் கைவிட்டது. பழைய பூச்சு அதற்குப் பிறகும் சில ஆண்டுகள் தங்கியிருக்கக்கூடும். ஆனால் நிலக்கரி வேகனில் வியாபாரியின் பெயர் பளிச்சென்று இருப்பதால், போருக்கு முந்தைய படம் என்பதில் எனக்கு ஐயமில்லை.

இன்னும் துல்லியமாகச் சொல்ல ஒரு வழி உண்டு. தனியார் வேகன் ஒவ்வொன்றையும் ஏதேனும் ஒரு ரயில் கம்பெனியிடம் பதிவு செய்து, பதிவெண்ணும் ஆண்டும் பொறித்த சிறிய வார்ப்புத் தகட்டை அடிச்சட்டத்தில் அறைய வேண்டியிருந்தது. என் படத்தில் அந்தத் தகடு இருக்கிறது. அதில் 1, 9, 2 என்ற மூன்று இலக்கங்களைத் தெளிவாகப் படிக்க முடிகிறது. நான்காவது இலக்கம் கேப்டனின் முன்னங்காலுக்குப் பின்னால் இருக்கிறது.