உயிர்த்தெழுதலும் தர்மப்பணமும்

கர்த்தருக்குள் பிரியமான சபையாருக்கு என் ஸ்தோத்திரம்.

அடக்க ஆராதனையில் ஐயர் வாசிக்கிற 1 கொரிந்தியர் 15ஆம் அதிகாரம் நம்மில் பலருக்கு மனப்பாடம். "மரணமே! உன் கூர் எங்கே? பாதாளமே! உன் ஜெயம் எங்கே?" என்ற இடம் வரும்போது, அழுது ஓய்ந்தவர்கள்கூட தலைநிமிர்ந்து கேட்பார்கள். 58 வசனங்கள். அதை முடித்த கையோடு பவுல் எதைப் பற்றிப் பேசுகிறார்? "பரிசுத்தவான்களுக்காகச் சேர்க்கப்படும் தர்மப்பணத்தைக்குறித்து" என்று ஆரம்பிக்கிறார். எருசலேமின் ஏழைகளுக்கான வசூல்! நாம் அதிகாரத்தோடு நிறுத்திவிடுகிறோம். அதிகாரப் பிரிவுகள் 13ஆம் நூற்றாண்டில் வந்தவை. பவுல் சொல்லச் சொல்ல எழுதியவருடைய ஏட்டில் அங்கே கோடு எதுவும் இல்லை. எக்காளம் தொனிக்கும், மரித்தோர் எழுந்திருப்பார்கள் என்று சொன்ன வாய், அதே மூச்சில், வாரந்தோறும் கொஞ்சம் எடுத்துவை என்கிறது.

மறுவாழ்வை நம்புகிறவனுடைய சீஷத்துவம் இந்த இரண்டு வசனங்களுக்கு நடுவில்தான் இருக்கிறது என்று நான் நம்புகிறேன்.

கொரிந்து எப்படிப்பட்ட ஊர்? கி.மு. 146இல் ரோமர் தரைமட்டமாக்கிய ஊர். நூறு வருஷம் கழித்து, கி.மு. 44இல், ஜூலியஸ் சீசர் அதை மறுபடி குடியேற்றினார். வந்தவர்களில் பெரும்பாலோர் விடுதலையான அடிமைகள். இரண்டு பக்கமும் துறைமுகம்; காசு புரளும் ஊர். பவுல் அங்கே ஒன்றரை வருஷம் தங்கினார். ஆக்கில்லா, பிரிஸ்கில்லாள் வீட்டில் இருந்து, அவர்களோடு கூடாரத் தொழில் செய்து சாப்பிட்டார். அவர் சேர்த்த சபையில் வலியவர்கள் அதிகம் பேர் இல்லை என்று அவரே எழுதுகிறார்.

அந்தச் சபையில் சிலர், மரித்தோர் எழுந்திருப்பதில்லை என்றார்கள். ஆத்துமா தப்பித்துக்கொள்ளும், சரீரம் வெறும் கூடு என்பது அந்தக் காலத்துக் கிரேக்கரிடம் சகஜமான எண்ணம். பவுல் அதற்கு ஒத்துக்கொள்ளவே இல்லை. தேவன் இந்தச் சரீரத்தையே எழுப்புவார் என்றார். இதை நன்றாகப் பிடித்துக்கொள்ளுங்கள். எழுப்பப்படப்போகிற சரீரம் என்றால், அதன் பசி தேவனுக்கு முன்பாகப் பெரிய காரியம். அதனால்தான் 11ஆம் அதிகாரத்தில் அவருக்கு அவ்வளவு கோபம். திருவிருந்துக்குக் கூடுகிறார்கள், வசதியுள்ளவர்கள் முந்தி வந்து சாப்பிட்டுவிடுகிறார்கள், ஒருவன் பசியாயிருக்கிறான், ஒருவன் வெறியாயிருக்கிறான். "ஒருவருக்காக ஒருவர் காத்திருங்கள்" என்கிறார். வேலை முடிந்து தாமதமாக வருகிறவனுக்கும் அப்பம் மிச்சம் இருக்க வேண்டும். உயிர்த்தெழுதலை நம்புகிற சபைக்கு அவர் வைத்த முதல் ஒழுங்கு பந்தி ஒழுங்குதான் என்றே எனக்குத் தோன்றுகிறது.

நம்மிடத்துக்கு வருவோம். நம் மாநிலத்தில் சில ஊர்களில் கிறிஸ்தவக் கல்லறைத் தோட்டத்துக்குள்ளேயே சாதிவாரியாக இடம் பிரித்திருக்கிறார்கள். நடுவில் சுவர் நிற்கிற தோட்டமும் உண்டு. இரண்டு பக்கத்துக் கல்லிலும் "கர்த்தருக்குள் நித்திரையடைந்தார்" என்றுதான் வெட்டியிருக்கிறது! எக்காளம் தொனிக்கிற அன்றைக்கு அந்தச் சுவரை வைத்துக்கொண்டு என்ன செய்வார்கள்? இதைச் சொன்னால், நிலத் தகராறு, பழைய வழக்கம் என்பார்கள். எனக்கு அது விசுவாசத் தகராறு. சேர்ந்து எழுந்திருப்போம் என்று நம்புகிறவர்கள் சேர்ந்து படுக்க மறுக்கக் கூடாது.

நம் பாட்டிமார்களிடம் வேறொரு வழக்கம் இருந்தது. திருநெல்வேலிச் சீமைச் சபைகளில் பிடி அரிசி என்றால் தெரியாதவர் இல்லை. உலை வைக்கிற நேரம் அளந்த அரிசியிலிருந்து ஒரு பிடி அள்ளித் தனிக் கலயத்தில் போடுவார்கள். பிள்ளைகளுக்கே பற்றாத வீட்டிலும் அந்தப் பிடி குறையாது. ஞாயிற்றுக்கிழமை கலயம் கோயிலுக்குப் போகும். பவுல் "தன்தன் வரவுக்குத் தக்கதாக" என்று எழுதியதை எழுதப் படிக்கத் தெரியாத கைகள் தினமும் செய்தன. இந்தச் சீமையின் சபைகளே 1903இல் இந்திய மிஷனெரி சங்கத்தைத் தொடங்கி, நம் ஜனங்கள் கொடுக்கும் காசிலேயே தெலுங்கு நாட்டுத் தோர்ணக்கலுக்கு ஊழியரை அனுப்பின. அந்தச் சங்கத்தைத் தொடங்கியவர்களில் ஒருவரான, வெள்ளாளன்விளையில் பிறந்த அசரியா பிற்பாடு, 1912இல், அங்கேயே பேராயரானார்.

கொரிந்தியரின் வசூல் என்ன ஆயிற்று? நடுவில் பவுலுக்கும் அவர்களுக்கும் பிணக்கு வந்தது. காரியம் இழுத்துக்கொண்டே போனது. கடைசியில் அவர்கள் இருந்த அகாயா நாட்டார் மனசாரக் கொடுத்தார்கள் என்று ரோமருக்கு எழுதின நிருபத்தில் இருக்கிறது. எருசலேமில் ஆபத்து காத்திருக்கிறது என்று தெரிந்தேதான் பவுல் அந்தப் பணத்தோடு புறப்பட்டார். தேவாலயத்தில் பிடிபட்டார். செசரியாவில் தேசாதிபதி பேலிக்ஸ் முன்பாகக் கைதியாக நின்று அவர் சொன்ன பதில் அப்போஸ்தலர் 24இல் இருக்கிறது. இன்று ராத்திரி ஜெபத்துக்கு முன்பு வீட்டில் எல்லாரும் உட்கார்ந்து அதை வாசியுங்கள். 15ஆம் வசனத்தில் உயிர்த்தெழுதல், 16இல் குற்றமற்ற மனச்சாட்சி, 17இல் தர்மப்பணம். பிள்ளைகளையே வாசிக்கச் சொல்லுங்கள்.