படகு நம்பரே 'இந்தியா'ன்னு தொடங்குது... அப்புறம் வீடு திரும்ப எதுக்குச் சான்றிதழ்? | ராமேஸ்வரம் கடல் எல்லை முழு விளக்கம்

[திரையில்: விசைப்படகின் முன்பக்கம், பதிவு எண் மட்டும் தெரிகிற மாதிரி]

இந்த எண்ணைக் கொஞ்சம் உத்துப் பாருங்க. ஐ.என்.டி, டி.என், 10, எம்.எம், அதுக்கப்புறம் படகோட சொந்த எண். முதல் மூணு எழுத்து இந்தியா. அடுத்தது தமிழ்நாடு. 10ன்னா ராமேஸ்வரம், 11ன்னா மண்டபம். எம்.எம்.ன்னா விசைப்படகு. அதாவது ராமேஸ்வரம் ஜெட்டியில நிக்கிற ஒவ்வொரு விசைப்படகும் நாட்டோட பேரை நெத்தியில எழுதிக்கிட்டுத்தான் தொழிலுக்குப் போகுது.

அப்படிப் போனவரு, எல்லையில இலங்கைக் கடற்படைகிட்ட பிடிபட்டு, பல வாரம் கழிச்சு சென்னை விமான நிலையத்துல வந்து இறங்குறாரு. அவர் இந்தியர்தான்னு சொல்ற ஒரு தாள் கையில இருக்கு. அது இல்லாம அவரால வீட்டுக்கு வர முடியாது.

வணக்கம் மக்களே! சொந்த நாட்டுலயே அந்நியமாப் போயிட்டோம்னு ராமநாதபுரம் கடற்கரையில ஏன் இத்தனை பேர் சொல்றாங்க? நாட்டுப்பற்று இல்லாததாலயா? இந்த வீடியோவை முழுசாப் பாத்துட்டு நீங்களே முடிவு பண்ணுங்க.

வரலாறு ஒரு நிமிஷம். கச்சத்தீவு ராமநாதபுரம் சேதுபதி ஜமீனோட கணக்குல இருந்த 285 ஏக்கர் தீவு. குடிதண்ணி கிடையாது, அந்தோணியார் கோயில் உண்டு. 1974 ஜூன்ல இந்திரா காந்தியும் சிறிமாவோ பண்டாரநாயக்காவும் போட்ட ஒப்பந்தப்படி எல்லைக்கோடு தீவுக்கு மேற்கே விழுந்துச்சு, தீவு இலங்கைப் பக்கம் போயிடுச்சு. நம்ம மீனவர்களும் பக்தர்களும் விசா இல்லாம தீவுக்குப் போய் வரலாம்னு அதோட 5வது பிரிவு சொல்லுது. 1976 மார்ச்ல பரிமாறின கடிதங்கள்ல, ஒரு நாட்டுப் படகு அடுத்த நாட்டுக் கடல்ல அனுமதி இல்லாம மீன்பிடிக்கக் கூடாதுன்னு வந்துச்சு. அப்போ நாட்டுல நெருக்கடி நிலை, தமிழ்நாட்டுல ஆட்சி கலைக்கப்பட்டு ரெண்டு மாசம்கூட ஆகல. இந்தக் கோட்டால பிழைப்பு மாறப்போறவங்களை யாரும் ஒரு வார்த்தை கேக்கல. வரலாறு போதும்.

இப்போ கணக்குக்கு வருவோம். பேனா பேப்பர் எடுத்துக்கோங்க, இதை நீங்களே போட்டுப் பாக்கணும்.

[திரையில்: கரை, 3 கடல் மைல், 12 கடல் மைல்]

ராமேஸ்வரத்துல இருந்து எல்லைக்கோடு ஏறக்குறைய 12 கடல் மைல். ஒரு கடல் மைல்னா 1.852 கிலோமீட்டர். தமிழ்நாடு கடல் மீன்பிடி ஒழுங்குமுறைச் சட்டம் 1983 படி, கரையில இருந்து 3 கடல் மைல் வரைக்கும் விசைப்படகு தொழில் செய்யக் கூடாது; அது நாட்டுப்படகுக்கு. பாக்கி 9 கடல் மைல்.

மடி, அதாவது இழுவலை, இழுக்கிறப்போ படகு மணிக்கு ரெண்டரை, மூணு கடல் மைல் வேகத்துல போகும். ஒரு இழுப்பு மூணு மணி நேரம்னு வைங்க. மூணும் மூணும் பெருக்கினா 9. கிழக்கே பாத்து இழுத்தா ஒரே ஒரு இழுப்புல நம்ம பங்குக் கடலோட அகலம் தீந்துபோச்சு! அதுக்குள்ளேயே பாறை கிடக்கிற இடத்தை விட்டு விலகணும், இல்லன்னா மடி கிழியும். அரிச்சல்முனைக்குக் கிழக்கே இன்னும் மோசம், கோடு ஏறக்குறைய 5 கடல் மைல்லயே வந்துடும்.

வயலுக்கு வரப்பு இருக்கிற மாதிரி கடல்ல எதுவும் இல்லை. ஜி.பி.எஸ். திரையில தெரியிற கோடு மட்டும்தான். கச்சான் காத்து, அதாவது மேற்குக் காத்து அடிக்கிற நாள்ல இன்ஜின் நின்னாலோ, புரொப்பல்லர்ல கயிறு சுத்திக்கிட்டாலோ, படகு தானா கிழக்கே, எல்லைப் பக்கம் போகும். மடி தண்ணிக்குள்ள கிடக்கிறப்போ சட்டுன்னு திருப்பவும் முடியாது. மடியோட வாயை விரிச்சு வைக்கிற பலகையும் மடியும் மேல ஏறக் கால் மணி நேரமாவது ஆகும். நேவி கப்பலைப் பாத்துட்டுக் கயிறை வெட்டி விட்டுட்டு ஓடினா வலை, பலகை எல்லாம் நட்டம்.

தெரிஞ்சே போறவங்களும் இருக்காங்க, அதை மறைச்சா இந்த வீடியோவுக்கு மதிப்பில்லை. வாரத்துல திங்கள், புதன், சனி மூணு நாள்தான் விசைப்படகு போகும், மத்த நாலு நாள் நாட்டுப்படகு முறை. வருஷத்துல ஏப்ரல் 15ல இருந்து ஜூன் 14 வரை 61 நாள் தடைக்காலம். டீசல், ஐஸ், ஆள் பங்கு எல்லாம் போக மிஞ்சணும்னா இறால் வேணும், வெறும் சங்காயத்தை, அதாவது விலை போகாத கழிவு மீனை வச்சுக் கட்டுப்படி ஆகாது. இறால் அந்தப் பக்கம் அதிகம், போயிடுறாங்க. அங்க வலை கிழியிறது யாருக்கு? போர்ல எல்லாத்தையும் இழந்துட்டு சின்னப் படகோட மறுபடி தொழிலுக்கு வந்த யாழ்ப்பாணம், மன்னார் தமிழ் மீனவருக்கு. கடலடியை வாரி இழுக்கிற இந்த அடிமடியை இலங்கை 2017ல சட்டம் போட்டே தடை பண்ணிடுச்சு. அவங்க கோபம் நியாயமானதுன்னுதான் நான் நினைக்கிறேன்.

சரி, பிடிபட்டா என்ன நடக்கும்? இந்தப் பகுதியைத் தயவுசெஞ்சு தள்ளிவிட்டுப் பாக்காதீங்க.

[திரையில்: வரைபடம், நெடுந்தீவு, காங்கேசன்துறை, கொழும்பு, சென்னை, ராமேஸ்வரம்]

நெடுந்தீவு பக்கம் பிடிச்சா காங்கேசன்துறைக்கு, மன்னார் பக்கம்னா தலைமன்னாருக்கு இலங்கைக் கடற்படை கொண்டுபோகும். அங்கிருந்து கடற்றொழில் திணைக்களம், அதாவது அந்த நாட்டு மீன்வளத்துறை. அடுத்து ஊர்காவற்றுறை, மன்னார், பருத்தித்துறைன்னு ஏதாவது ஒரு நீதவான் (மாஜிஸ்ட்ரேட்) நீதிமன்றம். முதல்ல விளக்கமறியல், அதாவது நம்ம ஊர்ல சொல்ற ரிமாண்ட். 1979ஆம் வருஷத்து வெளிநாட்டுப் படகுச் சட்டத்துல வழக்கு. 2018ல அபராதத்தைக் கோடிக்கணக்கான இலங்கை ரூபாய் வரைக்கும் ஏத்திட்டாங்க. முதல் தடவைன்னா பெரும்பாலும் ஒத்திவைச்ச தண்டனையோட விடுதலை. அந்தக் காலத்துக்குள்ள மறுபடி சிக்கினா சிறைதான். படகு ஓட்டினவருக்கு மத்தவங்களைவிட அதிகத் தண்டனை.

விடுதலை ஆனதும் வீட்டுக்கு வந்துடலாமா? முடியாது. பாஸ்போர்ட் கிடையாதே! கொழும்புக்குப் பக்கத்துல மிரிஹானைங்கிற இடத்துத் தடுப்பு முகாம்ல வைப்பாங்க. இந்தியத் தூதரகம் விவரங்களைச் சரிபார்த்து அவசரப் பயணச் சான்றிதழ் கொடுக்கும். ஒரு தடவை, ஒரு வழி, இந்தியாவுக்கு வர மட்டும் செல்லும். கொழும்புல இருந்து சென்னைக்கு விமானம். சென்னையில குடியுரிமைச் சோதனை, சுங்கச் சோதனை. அங்கிருந்து மீன்வளத்துறை ஏற்பாடு பண்ற வண்டியில 560 கிலோமீட்டர் தாண்டி ராமேஸ்வரம். 12 கடல் மைல் போனவர் திரும்புற வழி இது! பல பேருக்கு வாழ்க்கையில முதல் விமானப் பயணமும் இதுதான், வெளிநாடு போகவர இந்தியா கொடுத்த முதல் தாளும் இதுதான். அந்நியமா உணர இதைவிட வேற காரணம் வேணுமா?

ஆள் வந்தாலும் படகு வராது. உரிமையாளர் அங்க நேர்ல ஆஜராகி, படகு தன்னோடதுன்னு ஆவணம் காட்டணும். ஆஜராகலைன்னா அரசுடைமை. 2022 பிப்ரவரியில அப்படிப்பட்ட படகுகளை ஏலமே விட்டாங்க. படகு போனா அதை வாங்கின கடனும், அதுல வேலை பாத்த குடும்பங்களும் இங்கதான் இருக்கும்.

இன்னொரு பக்கம் பாருங்க. 2008 மும்பைத் தாக்குதலுக்குப் பிறகு மீனவர்களுக்குப் பயோமெட்ரிக் அட்டை கொடுத்தாங்க. நீங்கதான் கடலோட கண்ணும் காதும், சந்தேகப் படகைப் பாத்தா சொல்லுங்கன்னாங்க. சொல்லிக்கிட்டும் இருக்காங்க. அதே கடல்ல 2022 அக்டோபர் 21 அன்னிக்கு நம்ம கடற்படைக் கப்பல் சுட்டதுல தமிழ்நாட்டு மீனவர் ஒருத்தர் காயம்பட்டாரு. நிறுத்தச் சொல்லியும் நிக்கல, சந்தேகப் படகுன்னு நினைச்சோம்னு பாதுகாப்புத் தரப்பு சொல்லுச்சு. 2017 மார்ச்ல தங்கச்சிமடத்து இளைஞர் ஒருத்தர் கடல்ல குண்டு பாஞ்சு செத்தாரு. இலங்கைக் கடற்படை தாங்கள் சுடலைன்னு மறுத்துடுச்சு. நாள்கணக்குல போராட்டம் நடந்தது அப்துல் கலாம் நினைவிடம் இருக்கிற பேய்க்கரும்புக்குப் பக்கத்து ஊர்ல.

ஆதாரையும் ரேஷன் அட்டையையும் கலெக்டர்கிட்ட ஒப்படைப்போம்னு இந்த மீனவர்கள் கிளம்பினா, உடனே 'தேசவிரோதி'ன்னு ஒரு கமெண்ட் வருது. நாடு வேணாம்னு நினைக்கிறவர் எதுக்குக் கலெக்டர் ஆபீஸ் வாசல்ல போய் நிக்கணும்? அட்டையைக் கொடுத்த நாடு, நாம கூப்பிட்டா வரணும்னு எதிர்பாக்கிறவர்தான் அங்க போவார்.

அடிமடியை விட்டுட்டு ஆழ்கடல் மீன்பிடிக்கு மாறச் சொல்ற ஆழ்கடல் திட்டம் 2017 ஜூலையில வந்துச்சு. சூரை (டுனா) மீனைத் தூண்டில் போட்டுப் பிடிக்கிற படகு அப்போ 80 லட்சம். மத்திய அரசு 50, மாநிலம் 20, வங்கிக் கடன் 20, உரிமையாளர் 10 சதவீதம். ராத்திரி போய் விடியக்காலை திரும்புற தொழில்காரரை வாரக்கணக்குல கடல்ல இருக்கச் சொல்ற திட்டம். பயிற்சியும், ஆழமான துறைமுகமும், சூரைக்கு நிலையான விலையும் முதல்ல வந்திருக்கணும். அதனாலதான் எதிர்பாத்த அளவுக்கு ஆள் சேரல.

கடைசியா, இதைப் பாக்குற படகு உரிமையாளர்களுக்கும் வீட்டுல இருக்கிறவங்களுக்கும். உரிமையாளர் இப்பவே பாஸ்போர்ட் எடுத்து வையுங்க. படகு பிடிபட்ட பிறகு விண்ணப்பிச்சா நீதிமன்றத் தேதி தாண்டிடும். பதிவுப் புத்தகம், மீன்பிடி உரிமம், படகுல போறவங்க ஒவ்வொருத்தரோட ஆதார், மீனவர் அட்டை எல்லாத்துக்கும் நகல் எடுத்து வீட்டுல வையுங்க, செல்போன்ல படமாவும் வையுங்க. கடலுக்குப் போக மீன்வளத்துறைகிட்ட டோக்கன் வாங்கின ஆள் பட்டியலும் படகுல ஏறின ஆளும் ஒண்ணா இருக்கணும். கடைசி நேரத்துல ஆள் மாறி ஏறினா, அவர் யாருன்னு உறுதிப்படுத்தவே நாள் போயிடும், விடுதலையும் அவருக்குத் தள்ளிப்போகும். பிடிபட்ட தகவல் வந்ததும் இந்தக் கட்டை எடுத்துக்கிட்டு மீன்வளத்துறை உதவி இயக்குநர் அலுவலகத்துக்குப் போங்க. படகு எங்க இருக்குன்னு காட்டுற டிரான்ஸ்பாண்டர் கருவி கொடுத்திருந்தா அதைக் கழட்டி வைக்காதீங்க, எல்லை நெருங்கினா அது எச்சரிக்கும். இன்ஜின் நின்னு படகு கிழக்கே போகுதுன்னா உடனே நங்கூரம் போட்டுட்டு கடலோரக் காவல்படை 1554க்கோ, கடலோரப் பாதுகாப்புக் குழுமம் 1093க்கோ கூப்பிடுங்க. செல்போன் சிக்னல் இல்லாத இடத்துல வயர்லெஸ், 16ஆம் சேனல்.